மறு: ‘டிஜிட்டல் ஸ்விட்ச் ஓவர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிஜிட்டல் ஸ்விட்ச் ஓவர் என்பது, ஆன்டெனா டிவிக்கு வரும் பழைய அனலாக் ஒளிபரப்பை அணைத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறுவது. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, வந்த மடல்களில் பாதிக்கு மேல் ‘டிஜிட்டல்’ என்பதற்கு எண்ணிமமா, எண்முறையா, இலக்கமுறையா, மின்னிலக்கமா என்பதிலேயே நிற்கின்றன. எல்லோரும் நல்ல காரணம்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டது பாடநூலுக்கான சொல் அல்ல. மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிற ஒரு வீட்டுக்கு, இன்ன தேதிக்குப் பிறகு உங்களுக்குப் படம் வராது, அதற்குள் இதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதற்கான சொல்லைக் கேட்டார். அப்படிப் பார்த்தால் ‘டிஜிட்டல்’ பெரிய சிக்கலே இல்லை. அதற்கு அடுத்து என்ன பெயர்ச்சொல்லை வைக்கிறோம் என்பதில்தான் பார்ப்பவருக்கு நல்லதோ கெட்டதோ நடக்கப்போகிறது.

> ‘டிஜிட்டல் தொலைக்காட்சி மாற்றம்’ என்று எளிமையாக வைத்துவிடலாமே?

படிக்க எளிமைதான், ஆனால் தப்பாகப் புரியும். தமிழில் பெட்டியும் தொலைக்காட்சி, நிலையமும் தொலைக்காட்சி, அதில் வருவதும் தொலைக்காட்சி. ‘டிவி வாங்கினோம்’, ‘டிவியில் சொன்னார்கள்’ இரண்டும் ஒரே சொல்தான். அதனால் ‘தொலைக்காட்சி மாற்றம்’ என்று நோட்டீஸ் ஒட்டினால், வீட்டில் இருக்கும் பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ‘டிஜிட்டல் டிவிக்கு மாறுங்கள்’ இதைவிட மோசம், கடைக்காரர் விளம்பரமே அப்படித்தான் இருக்கும். பழைய டிவியோடு செட்டாப் பாக்ஸ் என்ற ஒரு சிறிய பெட்டியை இணைத்தாலே போதும் என்பதுதான் சொல்லவேண்டிய முதல் செய்தி. அமெரிக்காவில் அந்தப் பெட்டிக்காகவே வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். அதற்கு ஒதுக்கிய பணம் 2009 ஜனவரியில் வரம்பைத் தொட்டு, கேட்டவர்கள் காத்திருப்போர் பட்டியலில் நிற்க, பழைய ஒளிபரப்பை அணைக்கப் பிப்ரவரி 17 என்று வைத்திருந்த நாளை ஜூன் 12-க்குத் தள்ளவேண்டி வந்தது. பிரிட்டனில் 75 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெட்டி கொடுத்து, வீட்டுக்கே வந்து பொருத்தித் தரத் தனித் திட்டம் வைத்திருந்தார்கள். இவ்வளவும் டிவி புதிதாக வாங்கத் தேவையில்லை என்பதற்காகச் செய்தது. நம் கலைச்சொல்லே வாங்கச் சொல்வதுபோல் ஒலித்தால் மிச்சம் எதை விளக்கியும் பயனில்லை.

எனவே தலைச்சொல் ‘ஒளிபரப்பு’ ஆக இருக்கட்டும். மாறுவது அங்கே, ஒளிபரப்புக் கோபுரத்தில். வீட்டில் இருப்பது அப்படியே இருக்கலாம். ‘ஒளிபரப்பு முறைமாற்றம்’ என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் டிவியை மாற்றத் தோன்றாது.

அடுத்தது நிறுத்தம். பழைய அலையை அடியோடு அணைப்பதற்கு ‘ஒளிபரப்பு நிறுத்தம்’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் ‘மின் நிறுத்தம்’ என்றால் காலை 9 மணி முதல் மாலை வரை, பராமரிப்புப் பணி, அப்புறம் மின்சாரம் வந்துவிடும். ‘குடிநீர் நிறுத்தம்’ என்றால் இரண்டு நாள். ‘நிறுத்தம்’ என்று அறிவிப்பில் வந்தால் தற்காலிகம் என்றே பழகிப்போன காது இது. அதோடு தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் படம் போனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டைதான் நினைவுக்கு வரும், காத்திருந்தால் திரும்ப வரும் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அவர்கள் ‘நிறுத்தம்’ என்று படித்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பார்கள், ஏதோ கோளாறு சரியாகட்டும் என்று. ‘முடிவு’ என்றால் தீர்மானம் என்றும் பொருள்படும். ‘நிறைவு’ என்றால் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவு பெற்றன. ‘ஒழிப்பு’ பொருளில் சரி, ஆனால் அறிவிப்பில் பயமுறுத்தும்.

மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையான போது நம் மக்கள் யாரும் குழம்பவில்லை. பழைய ரயில் இனி வராது, புதுப்பாதை வரும், நடுவில் கொஞ்சநாள் பஸ்தான் என்று புரிந்துகொண்டார்கள். ‘அகலப்பாதை மாற்றம்’ என்ற பெயரில் எது மாறுகிறது என்பது இருந்தது, இந்தத் தேதியிலிருந்து ரயில் வராது என்பதை வினையாகத் தனியே சொன்னார்கள். டிவிக்கும் நாம் பேச்சில் வினையைத்தான் வைத்திருக்கிறோம்: ‘வருது’, ‘வரலை’, ‘தெளிவா வருது’. ஆகவே கட்டுரையில் எழுத ‘பழைய முறை முடிவுநாள்’ என்று ஒரு பெயர் இருக்கட்டும். ‘நாள்’ சேர்ந்துவிட்டதால் ‘முடிவு’ தீர்மானமாகப் படாது. அறிவிப்பில் மட்டும் ‘இனி வராது’ என்ற வினையே நிற்கட்டும். கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

சொல் மட்டுமே வேலையை முடித்துவிடாது என்பதற்காகச் சில நாடுகள் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றுக்கும் நமக்குச் சொல் வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் 2007 அக்டோபர் 17 அன்று ஒயிட்ஹேவன் என்ற சின்ன ஊரில் தொடங்கி, கோபுரம் கோபுரமாக நகர்ந்து, 2012 அக்டோபர் 24 அன்று வட அயர்லாந்தில் முடித்தார்கள். ஒவ்வொரு கோபுரத்திலும் முதலில் பிபிசி 2 சேனலை மட்டும் பழைய முறையிலிருந்து எடுத்தார்கள். மற்றவை சில வாரம் கழித்து. லண்டனில் 2012 ஏப்ரல் 4, அப்புறம் 18. இது எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள். வீட்டில் மூன்று டிவி இருந்தால் எதில் பிபிசி 2 காணாமல் போகிறதோ அதற்குத்தான் பெட்டி வேண்டும், மிச்சம் இருக்கிற நாளுக்குள் வாங்கிவிடலாம். எத்தனை நோட்டீஸ் அடித்தாலும் அந்த ஒரு காலி சேனல் சொல்கிற அளவுக்குச் சொல்ல முடியாது.

ஜப்பானில் பழைய முறையில் பார்ப்பவர்களுக்கு மட்டும் திரையின் மூலையில் ‘அனலாக்’ என்ற எழுத்து எப்போதும் தெரியும்படி வைத்தார்கள். கடைசி மாதத்தில் இன்னும் எத்தனை நாள் என்ற எண்ணும் ஓடியது. 2011 ஜூலை 24 நண்பகலில் அணைத்தார்கள், சுனாமி பாதித்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மூன்றுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தள்ளிவைத்தார்கள். நமக்கு இதில் பாடம், மூலையில் வைக்கச் சின்னச் சொல் வேண்டும் என்பதுதான். அனலாக்கைத் தமிழாக்கி ‘ஒப்புமை’ என்று மூலையில் எழுதினால் பார்ப்பவர் எதனோடு ஒப்பிடுவது என்று யோசிப்பார். ‘தொடர்முறை’ என்றால் சீரியல் என்று நினைத்துக்கொள்வார். அனலாக்குக்கு மக்களிடம் ஒரு பெயரே கிடையாது, அது வெறும் டிவியாகத்தான் இருந்தது. ஆகவே மூலையில் ‘பழைய முறை’ என்றே போடலாம். இயற்பியல் பாடத்தில் ஒப்புமை இருந்துவிட்டுப் போகட்டும்.

அமெரிக்காவில் வழக்கமான நிகழ்ச்சிகளை எல்லாம் எடுத்துவிட்ட பிறகும் பழைய அலையில் சில நிலையங்கள் ஒரு மாதம் வரை ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிக்கொண்டிருக்கச் சட்டமே போட்டார்கள். யாராவது இன்னும் பழைய டிவியைப் போட்டால் வெறும் புள்ளிகளைப் பார்க்காமல், என்ன செய்யவேண்டும் என்ற விளக்கத்தையும் அவசரச் செய்தியையும் பார்க்கலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நைட்லைட்’. நமக்கு ‘விடிவிளக்கு’ என்று அருமையான சொல் இருக்கிறதே, ‘விடிவிளக்கு ஒளிபரப்பு’ என்றே வைத்துவிடலாம் என்பது என் கருத்து. எல்லா விளக்கையும் அணைத்த பிறகு ஒன்று மட்டும் எரிவது எதற்கு என்று தமிழ் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

> சைமல்காஸ்ட் = இருமுறை ஒளிபரப்பு

சைமல்காஸ்ட் என்பது ஒரே நிகழ்ச்சியைப் பழைய முறையிலும் டிஜிட்டலிலும் ஒரே நேரத்தில் அனுப்புவது. அதற்கு இந்தச் சொல் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ‘முறை’ என்பது வழிமுறையும்தான், தடவையும்தான். ‘இருமுறை ஒளிபரப்பு’ என்றால் மதியம் போட்ட நிகழ்ச்சியை இரவு மறுபடி போடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். (முறைமாற்றத்தில் இந்த ஆபத்து இல்லை, தடவையை யாரும் மாற்ற முடியாது.) ‘இருவழி’யும் சரிப்படாது, அது போக்குவரத்துக்கு எப்போதோ போய்விட்டது. ‘இணை ஒளிபரப்பு’ பரவாயில்லை. அறிவிப்பில் ‘அதுவரை இரண்டு முறையிலும் வரும்’ என்று வாக்கியமாகவே எழுதிவிடலாம்.

இன்னொரு சொல் இந்த இழையில் யாருமே தொடவில்லை, எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பழைய முறையில் அலை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாக வரும், நிழல் விழும், ஆனாலும் முகம் தெரியும், பேச்சு கேட்கும். பூஸ்டர் போட்டுக்கொண்டு அதோடு வாழ்ந்தோம். டிஜிட்டலில் கொஞ்சம் பலவீனம் வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கும், பிழையை அதுவே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து, பிறகு ஒன்றுமே இல்லை. பொறியாளர்கள் இதை ஆங்கிலத்தில் மலைவிளிம்போடு சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள், அதை அப்படியே கொண்டுவந்து ‘செங்குத்துப்பாறை விளைவு’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘திடீர் மறைவு’ என்று வைக்கலாமா? மறைவு இறப்பையும் குறிக்கும் என்பது உறுத்துகிறது, ‘திடீர்ப் படஇழப்பு’ அதைவிட மேல் என்று தோன்றுகிறது. எதுவானாலும், கோபுரத்திலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். இதுவரை மங்கலாகவாவது வந்தது இனி சுத்தமாக வராமல் போகலாம், ஆன்டெனாவை உயர்த்தவோ திருப்பவோ வேண்டியிருக்கும் என்று. பெட்டி வாங்கியும் படம் வராதவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவர்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம்.

‘மறுதேடல்’, அதாவது பெட்டியைச் சேனல்களை மறுபடி தேடவிடுவது, வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவில் பல நிலையங்கள் அதே நாளில் டிஜிட்டல் அலைவரிசையையும் மாற்றிக்கொண்டன. பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் சேனல் காணாமல் போனது. உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளில் நிறையப் பேருக்குச் சொன்ன பதில் மெனுவுக்குப் போய் மறுபடி தேடவிடுங்கள் என்பதுதான்.

தமிழ்நாட்டு அனுபவத்தை இதில் எப்படிச் சேர்ப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். கவனமாகச் சேர்க்கவேண்டும். நம் ஊரில் நடந்தது பெரும்பாலும் கேபிள் மாற்றம். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு 2012 ஜூன் 30 என்று நாள் குறித்து, பிறகு அக்டோபர் 31 என்று தள்ளினார்கள், இரண்டாம் கட்டத்தில் கோவை வந்தது, அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில். அதில் ஆன்டெனாவும் இல்லை, மறுதேடலும் இல்லை, கேபிள்காரர் வந்து பாக்ஸ் மாட்டிவிட்டுப் போனார். ஆனால் அங்கே கண்ட ஒன்று எல்லா ஊருக்கும் பொருந்தும். ரிமோட் இரண்டாகிவிட்டது. பேரப்பிள்ளை எதையோ அழுத்திவிட்டுப் பள்ளிக்குப் போனால் திரை நீலமாகி ‘நோ சிக்னல்’ என்று நிற்கும், வீட்டில் இருக்கும் பெரியவர் மாலை வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். டிவியின் ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்தவேண்டும் என்று ஒரு வரி, பெரிய எழுத்தில், படத்தோடு அறிவிப்பில் இருக்கவேண்டும். இதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

‘டிஜிட்டல்’ பற்றியும் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கப்போகிற பெட்டியின் அட்டையில் என்ன சொல் இருக்கிறதோ அதுதான் அறிவிப்பிலும் இருக்கவேண்டும், தமிழ்நாட்டில் அது டிஜிட்டல், செட்டாப் பாக்ஸ். சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ செய்தியிலும் அரசு அறிவிப்பிலும் நன்றாக ஊன்றிவிட்டது, அங்கே அதுவே இருக்கட்டும். அவர்கள் 2013 இறுதியில் டிஜிட்டலைத் தொடங்கி, 2017-ல் முடிப்பதாக இருந்ததை ஓராண்டு தள்ளி 2018 இறுதி வரை இரண்டையும் ஓடவிட்டார்கள். அங்குள்ள தமிழ்ச் சேனலான வசந்தம் பார்க்கும் வீடுகளுக்கும் சேர்த்துத்தான், வசதி குறைந்தவர்களுக்குப் பெட்டியும் ஆன்டெனாவும் இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு நாட்டில் இந்த வேலை முழுதாக நடந்து முடிந்திருக்கிறது என்பதால் அங்குள்ள சொற்களை நாம் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டும். சேனலுக்கு அவர்கள் சொல்லும் ‘ஒளிவழி’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ‘ஒளிவழி மறுதேடல்’ என்றால் இனிமையாகவும் இருக்கிறது.

மேலே சொன்னவற்றை வைத்து ஓர் அறிவிப்பு எழுதிப் பார்த்தேன், தேதியும் தொலைபேசி எண்ணும் நிரப்பிக்கொள்ள வேண்டியவை:

‘ஒளிபரப்பு முறை மாறுகிறது. ஆன்டெனா மூலம் நீங்கள் இப்போது பார்க்கும் பழைய முறை ஒளிபரப்பு ___ தேதிக்குப் பிறகு வராது. அதுவரை பழைய முறையிலும் டிஜிட்டல் முறையிலும் வரும். டிவியை மாற்ற வேண்டியதில்லை. டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ் ஒன்றை இணைத்தால் போதும். உங்கள் டிவி திரையின் மூலையில் ‘பழைய முறை’ என்று தெரிந்தால் அந்த டிவிக்கு பாக்ஸ் தேவை. பாக்ஸ் இணைத்த பிறகும் சேனல் வரவில்லை என்றால் மறுதேடல் செய்யுங்கள், பிறகு ஆன்டெனாவைச் சரிசெய்யுங்கள். உதவிக்கு: ___’

இலங்கை நண்பர்கள் ‘சேனல்’ இருக்கும் இடத்தில் ‘அலைவரிசை’ என்று படித்துப் பார்த்து, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள். ‘திடீர்ப் படஇழப்பு’க்கு வேறு சொல் இருந்தால் அதையும் அனுப்புங்கள், எனக்கு அது இன்னும் முழுதாகத் திருப்தி தரவில்லை.

அன்புடன்.