புதுப்பிப்பு: டரான்டுலா பெட்டிகள் கீழே வந்துவிட்டன, எறும்பும் நின்றது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சித்திரையில் கேட்டிருந்தேன்: நான் வளர்க்கும் டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) 3-ல் தொடங்கி 11 ஆகிவிட்டது, மதுரை வெயிலில் மொட்டை மாடி அறையில் வைத்து வருஷக்கணக்கில் எப்படிக் காப்பாற்றுவது என்று.

ஏசி போடச் சொன்னவர்களும் உண்டு, ஆனால் பலன் தந்தது தரைத்தளத்துக்கு மாற்றும் யோசனைதான். இப்போது திருநகர் வீட்டில் வடக்குச் சுவர் ஓரமாக இரும்பு ரேக். மாடியில் 38 டிகிரி காட்டிய அதே தெர்மாமீட்டர் இங்கே 31-ஐத் தாண்டவில்லை. அப்புறம் பெட்டியின் உயரம். தரையில் வாழும் வகை மேலேறி விழுந்தால் வயிறு கிழிந்து செத்துவிடும், அதனால் தேங்காய் நார்த்தூளைக் கூடுதலாக நிரப்பி, மூடிவரை உள்ள இடைவெளியைக் கால்விரிப்பின் (கால்களை நீட்டினால் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிவரை உள்ள அளவு) ஒன்றரை மடங்குக்குள் கொண்டுவந்தேன்.

எதிர்பாராதது எறும்பு. தோலுரித்து மெத்தென்று கிடந்த குட்டி ஒன்றை ஒரே ராத்திரியில் தின்றுவிட்டன, இன்னும் மனசு ஆறவில்லை. மருந்து அடித்தால் சிலந்தியும் சாகும். பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல ரேக்கின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், மிஞ்சிய இரையை மறுநாள் காலையே எடுத்துவிடுகிறேன். ஒன்றரை மாதமாக ஓர் எறும்புகூட இல்லை.

பிராக்கிபெல்மா என்ற டரான்டுலா வகையில் பெண் 20 வருஷத்துக்கு மேலும் வாழும். சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம் என்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயிற்று. என்னால் முடியாத காலத்தில் பார்த்துக்கொள்ள அக்கா மகன் சம்மதித்திருக்கிறான், ஒவ்வொன்றும் தோலுரித்த தேதி அவனுக்காக நோட்டில் இருக்கிறது.