பிரியும் செல்லில் டைனீன் பக்கம் மாறக் கண்டேன்

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒளிரும் புரதம் இணைத்த டைனீன் என்னும் புரதத்தைக் கொண்ட, ஹீலா என்னும் ஆய்வுக்கூட மனித செல்களை மூன்று நிமிடங்களுக்கு ஒரு படம் வீதம் எடுத்துக்கொண்டிருந்தேன். குரோமோசோம்கள் நடுவில் அணிவகுக்கும் மெட்டாஃபேஸ் கட்டத்தில் இருந்த ஒரு செல்லின் இடப்புற விளிம்பில் பச்சை ஒளி பிறைபோலத் தெரிந்தது. சில படங்கள் கழித்து அது மங்கி, வலப்புற விளிம்பில் எழுந்தது. நுண்ணோக்கியின் குவியம் விலகிவிட்டதாக எண்ணி அந்தப் பதிவையே ஒதுக்கிவிட்டேன். அடுத்தடுத்த செல்களிலும் அதுவே நிகழ்ந்த பிறகுதான், குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைக்கதிரான ஸ்பிண்டில் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து அளந்தேன். ஸ்பிண்டில் எந்த விளிம்பை நெருங்கியதோ அங்கே டைனீன் கலைந்து, எதிர் விளிம்பில் கூடியது.

ஸ்பிண்டிலை ஆக்கும் குழலிழைகள் நுண்குழல்கள்; டைனீன் நுண்குழலின் மைனஸ் முனையை, அதாவது துருவத்தின் பக்கமுள்ள முனையை, நோக்கி நடக்கும் மோட்டார் புரதம். செல்லின் விளிம்பில் பிணைக்கப்பட்ட நிலையில் அது நடக்க முற்படும்போது, நின்ற இடத்திலிருந்தே கயிற்றைக் கைமாற்றி இழுப்பவரைப் போல, நுண்குழலையும் அதன் மறுமுனையிலுள்ள ஸ்பிண்டில் துருவத்தையும் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே தொலைவிலுள்ள விளிம்பு இழுக்க, ஸ்பிண்டில் நடுவுக்குத் திரும்புகிறது. 2012இல் மனித செல்களில் இதன் காரணம் விளக்கப்பட்டது: துருவத்திலுள்ள பிஎல்கே1 நொதி, நெருங்கிய விளிம்பிலிருந்து டைனீனை விலக்குகிறது, குரோமோசோம்களைச் சுற்றியுள்ள ரான்-ஜிடிபி என்னும் சமிக்ஞைப் புரதம், டைனீனைப் பிணைத்துவைக்கும் நியூமா, எல்ஜிஎன் புரதங்களைப் பக்கவாட்டு விளிம்புகளில் தங்கவிடுவதில்லை. மோட்டார்களை ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் வரையும் பாடப் படங்களே என்னை ஏமாற்றின என்று இன்றும் கருதுகிறேன்.

—

மேலே எழுதியவர் விளிம்பில் கண்டதைப் போன்ற ஒன்றை நான் ஸ்பிண்டிலின் உள்ளே கண்டேன். ஈஜி5 என்னும் கைனசின் வகை மோட்டார் புரதம் இரு முனைகளிலும் இரண்டிரண்டு தலைகளைக் கொண்டது. எதிரெதிர்த் திசையில் அமைந்த இரு நுண்குழல்களை ஒருசேரப் பற்றி, இரண்டின் பிளஸ் முனைகளை (மைனஸுக்கு எதிர் முனைகளை) நோக்கியும் நடந்து துருவங்களை விலக்குகிறது. அதைத் தடுக்கும் மோனாஸ்ட்ரால் என்னும் மருந்து 1999இல் அறிவிக்கப்பட்டது. செல் பிரிதல் தொடங்குமுன் அதைச் சேர்த்த செல் வளர்ப்புத் தட்டில், ஒற்றைத் துருவத்தைச் சுற்றிக் குரோமோசோம்கள் வளையமாக நின்றன. ஸ்பிண்டில் உருவான பிறகு சேர்த்த தட்டிலோ பெரும்பாலான செல்கள் இருதுருவமாகவே நீடித்தன. மருந்து கெட்டுவிட்டதென்று புதிய கரைசல் தயாரித்து இரண்டு நாள்களை வீணாக்கினேன். கேஐஎஃப்15 என்னும் மற்றொரு கைனசின் உருவான ஸ்பிண்டிலைத் தாங்கிக்கொள்கிறது என்பதை அதன்பின்னரே அறிந்தேன்.

—

முதலில் எழுதியவனே மீண்டும் எழுதுகிறேன். உங்கள் தட்டைப் பற்றிப் படித்ததும் என் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். ஈஜி5ஐ மட்டும் தடுத்த செல்களில் ஒற்றைத் துருவமே இருந்தது; டைனீனையும் சேர்த்து அகற்றிய செல்களில் துருவங்கள் மறுபடியும் பிரிந்து நின்றன. விளிம்பிலிருந்து வெளிநோக்கி இழுக்கும் அதே டைனீன், ஸ்பிண்டிலுக்குள் துருவங்களை ஒன்றுசேர்க்க முனைகிறது.