பிரெக்சிட்டுக்கு அப்புறம் பிரிட்டன் வியாபாரம் தேறுமா?

லெஸ்டர்வாசி:
வணக்கம் நண்பர்களே, 2016 பிரெக்சிட் ஓட்டெடுப்பு அப்ப இங்க பேசினதெல்லாம் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்துட்டா உலகம் பூரா நம்ம இஷ்டத்துக்கு ஒப்பந்தம் போடலாம்னுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிபிடிபிபி (பசிபிக் பக்க நாடுகளோட வர்த்தக கூட்டணி), 2025ல இந்தியான்னு வரிசையா போட்டாச்சு. ஆனா எங்க ஏரியால ஐரோப்பாவுக்கு சரக்கு அனுப்புறவங்க எல்லாரும் புலம்புறாங்க. அவங்க கூடத்தான் வரியே இல்லாத ஜீரோ டாரிஃப் ஒப்பந்தம் இருக்கே, அப்புறம் எங்க இடிக்குது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லாரிஷெட்:
நான் சரக்கு அனுப்புற ஃப்ரெய்ட் லைன்ல இருக்கேங்க. அந்த ஜீரோ பிரிட்டன்ல உருவான சரக்குக்கும் ஐரோப்பால உருவான சரக்குக்கும் மட்டும்தான். திருப்பூர் டீஷர்ட்ட இங்க டூட்டி (இறக்குமதி வரி) கட்டி இறக்கி வச்சிருக்கீங்க, ஐரோப்பிய யூனியன்ல இருக்கற அயர்லாந்தோட டப்ளின் கடைக்காரர் 200 பீஸ் கேக்குறாருன்னு அனுப்பினா அங்க மறுபடியும் டூட்டி, ஏன்னா இங்க மடிச்சு லேபிள் ஒட்டினா மட்டும் அது பிரிட்டிஷ் சரக்கு ஆயிடாது. 2020 டிசம்பர் 31 வரைக்கும் இந்த பேச்சே கிடையாது. நெய், சீஸ் மாதிரி பால் பொருள்னா இன்னும் மோசம், ஒவ்வொரு கன்சைன்மென்ட்டுக்கும் ஹெல்த் சர்டிபிகேட், அதுல வெட்டினரி டாக்டர் கையெழுத்து. லாரி முழுக்க ஒரே சரக்கு ஏத்துற பெரிய கம்பெனிக்கு அந்த செலவு உறைக்காது, பத்து பேரோட பெட்டிய ஒண்ணா ஏத்துறப்ப ஒருத்தர் பேப்பர் தப்பா இருந்தா மொத்த லாரியும் நிக்குது. சின்ன பார்ட்டிங்க நெறைய பேர் ஐரோப்பா ஆர்டரே வேணாம்னு விட்டுட்டாங்க, அதப் பாக்கத்தான் வயிறு எரியுது.

தேம்ஸ்கரை:
ஒரு பக்கமா பேசாதீங்க. சரக்கு அடிவாங்கினது உண்மை, ஆனா கன்சல்டிங், சட்டம், பேங்கிங்னு சர்வீஸ் ஏற்றுமதி நல்லாவே வளந்திருக்கு. 2025ல டிரம்ப் வரி போட்டப்ப பிரிட்டனுக்கு 10%, ஐரோப்பிய யூனியனுக்கு 15%, உள்ள இருந்திருந்தா நமக்கும் 15 தான். இந்தியாவோட பேசி ஸ்காட்ச் விஸ்கி வரிய 150 சதவீதத்துலேந்து முதல்ல 75, பத்து வருஷத்துல 40ன்னு இறக்க சம்மதிக்க வச்சதும் தனியா நின்னு வாங்கினதுதான்.

நூல்மில்:
திருப்பூர்லேந்து எழுதறேன். பங்களாதேஷ் சரக்கு டூட்டி இல்லாம பிரிட்டனுக்குள்ள போகும், நமக்கு 9.6%. இந்த ஒப்பந்தத்துல அந்த வித்தியாசம் போயிடும், எங்களுக்கு அது பெரிய விஷயம்ங்க.

பேரேடு:
தேம்ஸ்கரை, அளவையும் பாருங்க. பிரிட்டிஷ் அரசாங்கமே போட்ட கணக்குல நீண்ட காலத்துல சிபிடிபிபியால ஜிடிபிக்கு 0.1%க்கும் கம்மி, இந்தியா ஒப்பந்தத்தால 0.13% கூடும். பிரெக்சிட்டால உற்பத்தித்திறன் 4% குறையும்னு ஓபிஆர் (அரசாங்க பட்ஜெட்ட தனியா நின்னு அலசற அமைப்பு) சொல்லுது. ஏற்றுமதில 40 சதவீதத்துக்கு மேல இன்னமும் ஐரோப்பாவுக்குத்தான், பக்கத்துல இருக்கறவன்கிட்டதான் வியாபாரம் நடக்கும். நான் எதிர்பாக்கறது 2025 மே மாசம் பிரிட்டனும் ஐரோப்பிய யூனியனும் ஒத்துக்கிட்ட ரீசெட்டத்தான், அதாவது உறவ சரிபண்ற ஏற்பாடு. அதுல சொன்ன உணவுப்பொருள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தா லாரிஷெட் சொன்ன அந்த சர்டிபிகேட் தொல்லை பெரும்பாலும் ஒழியும். ஆனா அவங்க விதிய நாம அப்படியே ஏத்துக்கணும், அத போடுற இடத்துல நமக்கு ஓட்டு கிடையாது, அதான் எனக்கு மனசு ஆறல.

லெஸ்டர்வாசி:
ரொம்ப நன்றி. லாரிஷெட் அண்ணே, டப்ளின் ஆர்டர் வச்சிருக்கறவங்க இப்போதைக்கு என்ன பண்றது?

லாரிஷெட்:
இங்க இறக்காம இந்தியாலேந்து நேரா டப்ளினுக்கோ ராட்டர்டாமுக்கோ புக் பண்ண சொல்லுங்க தம்பி, ஒரு டூட்டியோட முடிஞ்சிடும். எங்க பார்ட்டிங்க பாதி பேர் அப்படித்தான் மாறிட்டாங்க. இங்க இருந்த குடோன் வேலையும் அந்த சரக்கோடவே போயிடுச்சு.