இரவுப் பணியில் இருப்பவரின் ஜெப வாழ்வு

கேள்வி – செவிலியர், மதுரை

அதிகாலை ஜெபத்தைத் தவறாமல் கடைப்பிடிக்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, இரவுப் பணி தொடங்கிய பின் அந்த நேரம் இல்லாமலே போய்விட்டது. காலையில் வீடு திரும்பி வேதத்தைத் திறந்தால் கண்கள் சொருகுகின்றன. ஞாயிறு ஆராதனைக்கும் பல வாரங்கள் செல்ல முடிவதில்லை. ஜெபிக்கும்போது முன்பிருந்த உள்ளநெகிழ்வும் இல்லை. நான் தேவனைவிட்டு விலகிவிட்டேனா, அல்லது இது வெறும் உடற்சோர்வா?

பதில் 1 – ஓய்வுபெற்ற ஆயர்

சகோதரி, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்தில் ஜெபித்ததை மாற்கு முதல் அதிகாரம் சொல்வதால் அதிகாலையை நாம் உயர்வாக எண்ணுகிறோம். ஆனால் அவரே ஒரு மலையில் இரவு முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 கூறுகிறது. நேரம் நமது ஒழுங்குக்காக ஏற்பட்டது. பிதாவிடம் சேரும் வழியோ, எபிரெயர் 10-ஆம் அதிகாரத்தின்படி, இயேசுவின் இரத்தத்தினாலே ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறது. நம் விழிப்போ நெகிழ்வோ அதைத் திறப்பதில்லை. ஆகவே நெகிழ்வு குறைந்ததை மட்டும் வைத்து விலகிவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆயினும் அது ஜெபமே. பணி இடைவேளையில் 134-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்: மூன்றே வசனங்கள், அதுவும் இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை நோக்கியவை.

பதில் 2 – சபை மூப்பர், நாகர்கோவில்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதே எபிரெயர் 10, சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்றும் 25-ஆம் வசனத்தில் எச்சரிக்கிறது. தனி ஜெபம் தளரும் காலத்தில்தான் பிறருடைய ஜெபம் நம்மைத் தாங்குகிறது. திருவிருந்து நடைபெறும் ஞாயிற்றுக்கிழமையிலாவது பணியை மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

பதில் 3 – கத்தோலிக்க வாசகர், திருச்சி

எங்கள் திருச்சபையில் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு வழிபாட்டுக் கடமையை நிறைவேற்றும் என்பதால், பணிமுறையில் உள்ள பலருக்கு அது உதவியாக இருக்கிறது. உங்கள் சபையிலும் மாலை ஆராதனை உண்டா என்று விசாரியுங்கள்.

பதில் 4 – மற்றொரு செவிலியர், வேலூர்

அக்கா, சோர்வா என்று கேட்டீர்களே, அதற்கு ஒருவரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் தட்டியெழுப்பி, இருமுறை உணவளித்தான். இடையில் அவர் மறுபடியும் தூங்கினார். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதன் பின்னரே. நானும் இரவுப் பணி முடிந்த காலையில் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு உறங்கிவிடுவேன். வேதவாசிப்பைப் பிற்பகலில் எழுந்து, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்கிறேன்.