உப்பனாற்றில் மார்கழிப் பனியும் ஒரு நீர்க்காகமும்

கறுப்பு வெள்ளையில் இயற்கையைப் படம் எடுக்கிறவர்களுக்கு, புகைப்படக்காரர் மைக்கேல் கென்னா ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் எடுத்த படங்கள் தெரிந்திருக்கும். வெள்ளைப் பனியில் ஒரே ஒரு மரம், அவ்வளவுதான். குஷாரோ ஏரிக்கரையில் ஒரு மரத்தைத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தார், 2009இல் அதையும் வெட்டிவிட்டார்கள். நம் ஊரில் பனிக்கட்டிக்கு எங்கே போவது என்று பலர் இந்த மாதிரிப் படங்களை முயன்று பார்ப்பதே இல்லை. நமக்கு மார்கழி மூடுபனி இருக்கிறதே, வேண்டாததை எல்லாம் அதுவே மறைத்துக் கொடுக்கும்.

போன மார்கழியில் கடலூர் முதுநகர்ப் பக்கம், உப்பனாற்றங்கரையில் விடிகிற நேரம். எதிர்க்கரை, தென்னை, கட்டிப்போட்ட படகுகள் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. வலை கட்ட நட்டிருந்த மூங்கில் கழி ஒன்று லேசாகச் சாய்ந்து நிற்க, அதன் நுனியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்தபடி உட்கார்ந்திருந்தது. கழியின் மேல்பாதி வெளுத்துக் கிடந்தது, ஓதம் ஏறி இறங்கும் இடத்துக்குக் கீழே பாசி பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது. நிறமே தேவைப்படாத காட்சி.

அந்த நேரம் பார்த்து ஒரு அண்ணன் துடுப்புப் போட்டு வந்தார். கேமராவையும் பறவையையும் பார்த்தவர் துடுப்பை மெல்லத் தூக்கிவிட்டார். "அது பறந்துடக் கூடாது, அதானே தம்பி?" என்று கேட்டுவிட்டு, நிழல் கலையாமல் சுற்றிக்கொண்டு போனார். போகிறபோது, "காத்து விழுந்திருக்கு, அதான் பனி நிக்குது. வாடை கெளம்புச்சுன்னா எல்லாம் வெளிய தெரிஞ்சிடும்" என்றார். அப்படியேதான் ஆனது, வெயில் சுள்ளென்று ஏறுவதற்கு முன்பே காற்று எழுந்து அக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் குளிரை விட காற்றைத்தான் முதலில் பார்க்கிறேன், முந்தின ராத்திரி வானம் தெளிவாக இருந்து காற்றும் அடங்கியிருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்.

எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கும், வெண்பனி அழுக்குத் துணி மாதிரி விழும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூட்டி வையுங்கள். கேமரா பதிந்ததை மாற்றாமல் சேமிக்கிற RAW கோப்பாக எடுத்து, திரையை மட்டும் மோனோகுரோமில் (கறுப்பு வெள்ளையில்) வைத்தால் கண் நிறத்தின் பின்னால் ஓடாது, நிறத் தகவலும் கோப்பில் அப்படியே இருக்கும். பிச்சாவரத்தில் இதே பனியில் யாராவது எடுத்திருந்தால் எழுதுங்கள், அங்கே சுரபுன்னை வேர்கள் எப்படி விழுகின்றன என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.