டிவி அறிவிப்பாளர்களின் இங்கிலீஷ்: உங்கள் காது எங்கே வலித்தது?

உறையூர்க்காரன்:

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயது, வங்கியில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவர். பட்ஜெட் அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் அசைய மாட்டார். இந்தத் தடவை பன்னிரண்டுக்கே ரிமோட்டை சோபாவில் போட்டுவிட்டு அம்மாவோடு முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டார். காரணம், ஸ்டூடியோவில் இருந்த பெண் ‘கடன்’ என்று மூன்றே எழுத்தில் முடிகிற சொல்லை விட்டுவிட்டு ‘டெப்ட், டெப்ட்’ என்று இரண்டு உதடும் ஒட்ட ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ‘டெட்’ என்று சொல்ல வேண்டியது. மூன்று தடவை பொறுத்துப் பார்த்தார். நாலாவது தடவை, “அந்த பி-யை விட்ரும்மா, அது சும்மா நிக்குது” என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா, “யாரை விடச் சொல்றீங்க?” என்றார்.

ஆபீஸ், காபி, ஆஸ்பத்திரி என்று நாம் வீட்டில் பேசுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதெல்லாம் நம் சொத்தாகி எத்தனையோ காலம் ஆயிற்று. தமிழ்ச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இங்கிலீஷை வலிய இழுத்து வந்து, அதையும் தப்பாகச் சொல்லி, தோளைக் குலுக்கி ஒரு வெள்ளைக்காரத் தோரணை வேறு காட்டுகிறார்களே, அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மாஜி வாத்தியார், திருநெல்வேலி:

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த பி உண்மையிலேயே சும்மாதான் நிற்கிறது. பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி-யே கிடையாது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் படித்தவர்கள், லத்தீனில் ‘டெபிட்டும்’ என்றல்லவா இருக்கிறது என்று எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். வாய் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பணம் கட்டினால் கொடுக்கிறார்களே ‘ரிசீட்’, அதில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் எழுத்தும் இதே மாதிரி லத்தீன் ஆசையில் வந்ததுதான்.

முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் எடுத்தேன். 2020இல் எல்லாச் சேனலிலும் காலை முதல் ராத்திரி வரை ‘குவாரண்டைன்’. ‘குவாரண்டீன்’ என்று சொன்ன ஆளைத் தேடத்தான் வேண்டியிருந்தது. வெனிஸ் துறைமுகத்தில் கப்பலை நாற்பது நாள் தள்ளி நிறுத்திய வழக்கத்திலிருந்து வந்த சொல், அவர்கள் பாஷையில் நாற்பது ‘குவாரண்டா’. ஆன்லைன் வகுப்பில் இதையெல்லாம் விளக்கிவிட்டு ‘டீன்’ என்று சொல்லுங்கடா என்றேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மைக்கை ஆன் செய்து, “சார், டிவியில டைன்னுதான் சொல்றாங்க, நீங்க எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கோங்க” என்றான். நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்ல? அவனையும் தப்புச் சொல்ல முடியாது. மெஷின், ஃபைன், மெடிசின் மூன்றும் ஒரே எழுத்துக்களில்தான் முடிகின்றன, ஒலி மட்டும் மூன்று விதம்.

இதைவிட ஒன்று. ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் போட்டியாளரைத் திருத்துகிறேன் என்று தொகுப்பாளர், “உன் ப்ரொனௌன்சியேஷன் சரியில்லையே செல்லம்” என்றார். அந்தச் சொல்லே ‘ப்ரொனன்சியேஷன்’. அன்றைக்கு நான் ராத்திரிச் சாப்பாட்டையே சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

நியூஸ் டெஸ்க்கில் இருந்தவன்:

வாசிக்கிறவர் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு சேனலில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன், பெயர் வேண்டாம். ப்ராம்ப்டரில், அதாவது வாசிக்கிறவர் கண் முன்னால் செய்தி ஓடுகிற திரையில், முழுக்கத் தமிழ் எழுத்துதான். நம் எழுத்தில் ‘கேஸ்’ என்றால் சமையல் கேஸா, கோர்ட் கேஸா? ‘பில்’ என்றால் மளிகைக் கடை பில்லா, மாத்திரையா? ‘பாம்’ என்றால் வெடிக்கிறதா, நெற்றியில் தடவுகிறதா? முழு வாக்கியமும் கண்ணில் பட்டால்தான் தெரியும். ப்ராம்ப்டரில் ஒரு வரிக்கு ஒரு சில சொல்தான் நிற்கும்.

ஒன்பது மணிச் செய்திக்கு அன்று வர வேண்டியவர் வரவில்லை, புதுப்பெண் ஒருவரை எட்டு ஐம்பத்தைந்துக்கு உட்கார வைத்தோம். முதலில் சவரன் விலை ஏற்றம். அடுத்த செய்தி, தக்காளி அழுகிப் போகிறது, கோல்டு ஸ்டோரேஜ் வேண்டும் என்று விவசாயிகள் கோரிக்கை. (பாருங்கள், நான் எழுதுவதிலேயே உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.) அந்தப் பெண் தங்க விலை சூட்டிலேயே இருந்தாரா, ‘கங்கை’யின் முதல் எழுத்தை எடுத்து அழுத்தமாக ஒரு கோல்டு போட்டார். தக்காளிக்குத் தங்கக் கிடங்கு! அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் ப்ரொட்யூசர், “சில்லு கோல்டும்மா, சில்லு கோல்டு!” என்று கத்துகிறார். அடுத்த வரியிலும் அதே சொல். அவர் பதறிப்போய் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு ஒலியை எழுப்பினார், அது எந்த மொழியிலும் இல்லை. எழுதியது நான்தான். ‘குளிர்பதனக் கிடங்கு’ என்று எழுதியிருக்கலாம், நீளமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். திட்டு அவருக்குத்தான் விழுந்தது.

அப்புறம் 2023 டிசம்பர் புயல். மியான்மர் கொடுத்த பெயர். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் ‘மிச்சாங்’ என்றுதான் படிக்கத் தோன்றும், வானிலைத் துறை கொடுத்த உச்சரிப்போ வேறு. தமிழில் ‘மிக்ஜாம்’ என்று நின்றது. சென்னை தண்ணீரில் நிற்கிறது, கீழே பார்க்கிங்கில் என் பைக் மூழ்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் மேலே உட்கார்ந்து ‘ச்’சா ‘க்’கா என்று சண்டை போட்டோம்.

ஸ்காபரோவிலிருந்து:

எங்கட கதை வேற மாதிரி. நான் யாழ்ப்பாணம், கனடாவுக்கு வந்து இருபத்தாறு வருசம். நாங்கள் டொக்டர், பொலிஸ், கொலிஜ் எண்டுதான் எழுதுவம், கதைப்பம். நீங்கள் டொரண்டோ எண்டு எழுதுற இந்த ஊரை ‘ரொறன்ரோ’ எண்டு எழுதுவம். தமிழ்நாட்டு ஆக்கள் அதைப் பாத்துச் சிரிக்கிறவை, ர-வும் ற-வும் எப்படி ‘ட்’ ஆகும் எண்டு. ‘வெற்றி’ எண்டு நாங்கள் சொல்லேக்க நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால முட்டும், வெள்ளைக்காரன்ர ஒலியும் அந்த இடத்திலதான். உங்கட ‘டி’க்கு நாக்கை மடிக்க வேணும். அந்தக் கணக்கில பாத்தா நாங்கள் எழுதுறதுதான் கிட்ட வருது, இல்லையோ?

போன வருசம் சென்னையிலிருந்து ஒரு டிவி தொகுப்பாளர் நிகழ்ச்சி செய்ய வந்தவர். மேடையில ஏறின உடன “ஹலோ டொரண்டோ!” எண்டு கத்தினார். பக்கத்தில இருந்த அம்மா, “அது எங்க கிடக்கு?” எண்டு கேட்டா. திரும்பி வரேக்க காருக்குள்ள அம்மா ரொறன்ரோதான் சரி எண்டு சொல்ல, இங்க பிறந்த மகள் பின் சீற்றிலிருந்து, “அம்மம்மா, இட்ஸ் ட்ரானோ” எண்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த ரெண்டாவது ‘ட்’டை அப்படியே விழுங்கிப் போடுவினம். நான் ஒண்டும் சொல்லேல்ல, ரோட்டைப் பாத்து ஓட்டினன்.

ஆண்டிபட்டிக்காரி:

எல்லாரும் மன்னிக்கணும், எனக்கு இதில் பாதி எரிச்சல்தான். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியன் விட்டுப் போனது. அவன் இன்றைக்கு வந்து நாம் சொல்வதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். என் அப்பத்தாவுக்குக் கடைசி வரைக்கும் ‘இஸ்கூல்’தான், மெய்யெழுத்தில் சொல்லை ஆரம்பிக்க அவர் வாய்க்குப் பழக்கமில்லை.

மீதிப் பாதி எரிச்சல் எங்கே என்றால், ஒரு சமையல் போட்டியில் எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர் ‘ஃபிரிட்ஜை’ ‘பிரிச்சு’ என்றார். தொகுப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி முடியும் வரை, “பிரிச்சுல என்னத்த பிரிச்சு வெச்சீங்க” என்று ஓட்டினார். கூட்டம் சிரித்தது, அக்காவும் சேர்ந்து சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. கடைசியில் இனிப்பு வந்தது. அதே தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து, முதல் அசையை நன்றாக அழுத்தி, “நவ் டெசர்ட் டைம்!” என்றார். அப்படி அழுத்தினால் அது பாலைவனம்ங்க. இனிப்பென்றால் அழுத்தம் பின்னால் வரும். அந்த அக்கா செய்து வைத்திருந்தது அதிரசம். அதற்கு அதிரசம் என்றே ஒரு பெயர் இருக்கிறது.

உறையூர்க்காரன்:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தக்காளிக் கதை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எங்க பேங்க்ல நகை லாக்கர் ரூமுக்கு மட்டும்தான்டா ஏசி. மே மாசம் நாங்கெல்லாம் ஃபைலைத் தூக்கிட்டு அங்கதான் போய் உக்காருவோம். அந்தப் பொண்ணு தப்பாவே சொல்லலை.”