நூலக அட்டையில் மின்னூல் எடுக்கிறேன், அம்மாவுக்குத் தமிழில் எங்கே கிடைக்கும்?

செல்வி, கேப்டவுன்:
வணக்கம். ரைலண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். சிவகாசியிலிருந்து அம்மா வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, ஆனாலும் அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த நாலு நாவலும் பிரிக்காமலே கிடக்கின்றன. நாள் முழுக்கப் படித்தவர் இப்போது ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் நூலகத்தில் அட்டை போட்டபோது, நூலக மின்னூல்களை இரவல் எடுக்க உதவும் லிப்பி செயலியைப் பற்றிச் சொன்னார்கள். அட்டை எண்ணையும் பின் எண்ணையும் கொடுத்ததும் திறந்துவிட்டது. எனக்கென்று ஓர் ஆங்கில நாவல் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். டேப்லெட்டை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "தமிழ்ல இந்த அளவு வருமாடி?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், தமிழில் எதுவும் அகப்படவில்லை. எங்கே தேடலாம்?

அப்புறம் இன்னொன்று. நான் கேட்ட வேறொரு புத்தகத்துக்கு எனக்கு முன்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். வெறும் கோப்புக்கு ஏன் வரிசை?

டர்பன் தாத்தா:
தங்கச்சி, வரிசைக்குக் காரணம் உரிமம். பெரும்பாலான மின்னூல்களை நூலகம் அச்சுப் பிரதி வாங்குவதுபோலத்தான் வாங்குகிறது. ஒரு பிரதி என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அந்த உரிமமும் நிரந்தரமில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் 26 முறை இரவல் கொடுத்தபின் திரும்ப வாங்க வேண்டும் என்று விதித்தது. வேறு சில பதிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு மட்டும் தருகிறார்கள். நூலகத்தைக் குறை சொல்லாதே, கொடுக்கிற காசுக்கு அவர்களுக்கும் இதுதான் கிடைக்கிறது.

முறை வந்ததும் அறிவிப்பு வரும், மூன்று நாளுக்குள் எடுத்துக்கொள். அந்த வாரம் முடியாது என்றால் தள்ளிவைக்கலாம், உன் இடம் போகாது. தவணை முடிந்தால் புத்தகம் தானே திரும்பிவிடும், அபராதம் கிடையாது. நூலக வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் மின்வெட்டிலும் படிக்கலாம்.

மொரிஷியஸ் வாத்தியார்:
செல்வி அக்கா, நான் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கேட்பதை நானும் தேடித் தேடித்தான் கற்றுக்கொண்டேன். தமிழுக்கு இரவலை நம்ப வேண்டாம், இலவசமாகவே நிறைய இருக்கிறது.

முதலில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்குப் போங்கள். அங்கே இபப் என்ற வடிவத்தை எடுங்கள். இதுதான் முக்கியம். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடிந்து வரும். ஆறு அங்குல பிடிஎஃப் என்றும் ஒன்று இருக்கும், அது சின்னத் திரைக்கு. அடுத்து, தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய அதில் சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை உண்டு.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் பெரிய கடல்தான், ஆனால் அங்கே பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்தே வைத்திருக்கிறார்கள். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடவலமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பா இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அம்மாவுக்கு அது வேண்டாம்.

செல்வி, கேப்டவுன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இபப் கோப்பு ஒன்றை இறக்கினேன். முதலில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. படிக்கும் செயலியில் எழுத்துருவை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு திரைக்கு ஒன்பது வரிதான் வருகிறது. அம்மா சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படிக்கிறார். நேற்று விளக்கணைக்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன், "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றார்.

வாத்தியார் தம்பி, சிறுகதைத் தொகுப்பாக ஏதாவது நல்லதாகச் சொல்லுங்களேன்? நாவல் நாளைக்கு முடிந்துவிடும் போலிருக்கிறது.